பொடி வியாபாரம் தொடங்கும் முன் உங்கள் கூலியை நோட்டில் எழுதுங்கள்

வீட்டில் சாம்பார் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கலாம் என்று நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே பலர் நிறுத்திவிடுகிறார்கள், ஏன் என்று கேட்டால் "உழைப்புக்கேத்த காசு இல்லைக்கா" என்கிறார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் மல்லி, மிளகாய், அரவைக் கூலி, கவர் எல்லாம் இருக்கும், அவர்களுடைய உழைப்பு மட்டும் ஒரு வரியில்கூட இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பார் பொடிக்கு 5 கிலோ சாமான் 1,500 ரூபாய். அரவைக்கு 150, கேஸுக்கு 60. வறுத்து அரைத்துச் சலித்தபின் 5 கிலோ அப்படியே 5 கிலோவாக வராது, ஈரம் போகும், மில்லில் கொஞ்சம் ஒட்டும், ஆக 250 கிராம் பாக்கெட் 18 தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவர், லேபிள் பாக்கெட்டுக்கு 7 ரூபாய் என்றால் 126. மொத்தம் 1,836, பாக்கெட்டுக்கு 102 ரூபாய். இங்கேதான் எல்லோரும் கணக்கை மூடிவிட்டு, 130க்கு விற்றால் 28 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் காம்பு கிள்ளி, வெயிலில் காய வைத்து, வறுத்து, மில்லுக்குப் போய் வந்து, ஆற வைத்து, எடை போட்டு, சீல் வைப்பதற்குள் ஏழு மணி நேரம் போயிருக்கும். மணிக்கு 70 ரூபாய் என்றாலே 490 ஆகிறது. அதையும் சேர்த்தால் பாக்கெட்டுக்கு அடக்க விலை 129. அதாவது அந்த 28 ரூபாய் லாபமே இல்லை, உங்கள் கூலி. உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் ஓர் ஆளை வைத்தால் அது அப்படியே அவருக்குப் போய்விடும், கையில் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தங்காது.

அதனால் விலை வைக்கும்போதே கூலியைப் போட்டு, சாம்பிள் கொடுத்தது, கிழிந்த கவர், பஸ் காசு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சேர்த்து, அதற்கு மேலேதான் லாபம் வைக்க வேண்டும். கடைக்குப் போடப் போகிறீர்கள் என்றால் கடைக்காரர் பங்கையும் முதலிலேயே யோசியுங்கள். 150 ரூபாய் பாக்கெட்டில் அவர் 20 சதவீதம் கேட்டால் உங்கள் கைக்கு வருவது 120, அடக்கமே 129. விற்க விற்க நஷ்டம்! 180 போட்டால்தான் 144 வரும். "180க்கு யார் வாங்குவா" என்று தோன்றினால், சரி, கடைக்குப் போடாதீர்கள், நேரடியாக மட்டும் விற்றுப் பழகுங்கள். கடைக்கு ஒரு விலை, வாட்ஸ்அப்பில் அதைவிடக் குறைச்சலாக இன்னொரு விலை என்று மட்டும் வைக்காதீர்கள், தெரிந்த அன்றைக்கே கடைக்காரர் சரக்கைத் திருப்பிவிடுவார்.

கடைகளில் "வச்சிட்டுப் போங்க, வித்ததும் தர்றேன்" என்பார்கள். முதல் தடவை பரவாயில்லை, பத்து பாக்கெட் வையுங்கள். அந்தப் பணம் வராமல் இரண்டாவது தடவை வைக்கக் கூடாது. தேதி முடிந்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம் இதைவிடச் சங்கடம். நாத்தனார் அரைக் கிலோ கேட்பார், காசை நீட்டினால் வாங்கக் கூச்சமாக இருக்கும். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்ததை நோட்டில் செலவாக எழுதுங்கள். மாசக் கடைசியில் அந்தத் தொகையைப் பார்த்தால் அடுத்த மாசம் கூச்சம் தானாகக் குறையும்.

பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதும் முக்கியம். ஜிபே கியூஆர் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருந்தால், வந்தது எவ்வளவு, வீட்டுச் செலவுக்குப் போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பெயரில் தனிக் கணக்கு, அதில் வியாபாரப் பணம் மட்டும். வீட்டுக்கு எடுக்க வேண்டுமா, மாசம் ஒரு தேதியில் உங்கள் கூலியை மட்டும் எடுங்கள். நாளைக்குக் கடன் கேட்டு பேங்க் படியேறும்போது இந்த வரவு செலவுதான் உங்களுக்குச் சாட்சி. முத்ரா என்ற மத்திய அரசின் கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும், தொடக்கத்துக்கு அது போதும். வாரத் தவணைக் கடன் வாங்கி இதில் போடுவதை நான் எதிர்ப்பேன். மிளகாயில் போட்ட பணம் பொடியாகி, விற்று, வசூலாக மாசக்கணக்கில் ஆகலாம், தவணைக்காரரோ வாரா வாரம் வாசலில் நிற்பார்.

பதிவு பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம், சிறு தயாரிப்பாளர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சடிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கென 2020இல் வந்த உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நாமே செய்துவிடலாம், அரசுத் தளம் மாதிரியே இருக்கும் வேறு தளங்களில் போய்ப் பணம் கட்டிவிடாதீர்கள். லேபிளில் எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், உங்கள் முகவரி, தொடர்பு எண் எல்லாம் வேண்டும். தராசு சரியாக இருக்கிறது என்பதற்கான அரசு முத்திரை வேண்டும், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

ஜிஎஸ்டியில் ஓர் இடத்தில் மட்டும் கவனம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு காப்பாற்றாது. பெங்களூரில் இருக்கும் பெரியம்மா மகள் தன் அபார்ட்மெண்டில் ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்றால், கூரியர் போடுவதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கூரியரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல இடங்களில் அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் கட்டணம் போடுகிறார்கள். இரண்டு 250 கிராம் பாக்கெட்டை அட்டைப் பெட்டியில் வைத்தால் அரைக் கிலோவைத் தாண்டி ஒரு கிலோ கட்டணத்துக்குப் போய்விடும். வெளியூருக்கு 200 கிராம் பாக்கெட்டாகப் போடுவது நல்லது.

கெட்டுப்போகும் தேதியைப் பக்கத்து பிராண்டைப் பார்த்து எழுதாதீர்கள். எள், கொப்பரை, நிலக்கடலை சேர்ந்த பொடியில் சாம்பார் பொடியைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை வரும். சூடு முழுசாக ஆறாமல் அடைத்தால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு அரவையிலும் இரண்டு பாக்கெட்டைத் தேதி எழுதி எடுத்து வைத்து, மாசம் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த கட்டத்துக்குப் போகும்போது தஞ்சாவூரில் இருக்கும் உணவுப் பதனத் தொழில்நுட்ப நிறுவனம் நிஃப்டெமில் விசாரிக்கலாம்.

உதவிக்கு ஆள் சேர்க்கும்போது லிஜ்ஜத் அப்பளம் நடந்த விதத்தைப் பாருங்கள். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது. மாவை ஒரே இடத்தில் பிசைந்து கொடுத்துவிடுவார்கள், பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்து, காய வைத்து, திரும்பக் கொடுத்து, தேய்த்த எடைக்குக் கூலி வாங்குவார்கள். ருசி ஒரு கையில், உழைப்பு பல கைகளில், கூலி அன்றைக்கே கணக்கில். நீங்களும் வறுப்பதையும் அளவையும் உங்களிடம் வைத்துக்கொண்டு, காம்பு கிள்ளுவது, பாக்கெட் போடுவது மாதிரி வேலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வெளியே கொடுக்கலாம்.

அப்புறம் தீபாவளி. ஆபீஸ்களில் ஐம்பது, நூறு என்று ஆர்டர் வரும், தலை கால் புரியாது. பாதித் தொகை முன்பணமாக வந்தால் மட்டும் சாமான் வாங்குங்கள், அதுவும் போன மாச மிளகாய் விலையை வைத்து ரேட் சொல்லிவிடாமல், கடைக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.