கப்ளிங் தொடரை எப்படிப் பார்ப்பது

ஆறு நண்பர்கள், ஒரு பப், ஓயாத காதல் குழப்பம் என்று கேட்டதும் 'ஃபிரெண்ட்ஸ்' மாதிரி இருக்கும் என்று நினைத்து, சமைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்கலாம் என்று பிபிசியின் கப்ளிங்கைப் போட்டுவிடாதீர்கள். எழுதிய ஸ்டீவன் மொஃபாட் போகிறபோக்கில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுக் கடைசி நிமிடங்களில்தான் அதை வெடிக்க வைப்பார். முதல் பாதியில் போன் நோண்டினால் இரண்டாம் பாதியில் முழிப்பீர்கள். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், பேச்சு அவ்வளவு வேகம். பெரும்பாலும் படுக்கையறை விஷயம்தான் பேசுகிறார்கள், அதனால் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஹெட்போன் நல்லது.

2000-இல் வந்த முதல் எபிசோடிலிருந்தே வரிசையாகப் பாருங்கள். ஸ்டீவ் ஜேனிடம் 'பிரிந்துவிடலாம்' என்கிறான், அவளோ அதை ஏற்கவே மறுக்கிறாள். அதே நாட்களில் அவனுக்கு சூசனைப் பிடித்துப்போகிறது. அந்த எபிசோடில் சிரிப்பு வரவில்லையா? சரி, உடனே நிறுத்தாதீர்கள், முதல் சீசனின் ஐந்தாவது வரை பொறுங்கள். ஹீப்ரு மட்டுமே பேசும் ஒரு பெண்ணிடம் ஸ்டீவின் நண்பன் ஜெஃப் பப்பில் மாட்டிக்கொள்கிற காட்சி அது. முதலில் ஜெஃப் பேசுவது நமக்குப் புரியும், அவள் பேசுவது புரியாது. அப்புறம் அதே காட்சி திரும்ப வருகிறது, இந்த முறை அவள் பேச்சு புரிகிறது, ஜெஃப் உளறுகிறான். இதுவும் பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை, தயங்காமல் விட்டுவிடலாம்.

மூன்றாம் சீசனின் முதல் எபிசோடை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ஸ்டீவும் சூசனும் பிரிந்திருக்கிறார்கள், திரையும் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஒரு பக்கத்தைக் கவனித்தால் மறுபக்கம் கட்டாயம் தப்பும்.

மொத்தம் 28 எபிசோடுகள்தான், அரை மணி நேரத்துக்குப் பக்கமாக ஒவ்வொன்றும். நான்காவது சீசனில் ஜெஃபாக நடித்த ரிச்சர்ட் கோய்ல் இல்லை, ஆலிவர் என்று புது ஆள் வருகிறான். பாவம், அவன் மேல் தப்பில்லை, ஆனால் ஜெஃபின் கிறுக்குத்தனத்தை யாராலும் ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் ஒரே ஒன்பதரை நிமிடங்களை மூன்று தடவை சொல்லும் அந்த சீசனின் முதல் எபிசோடைத் தவற விடாதீர்கள்.

தேடும்போது 2003-இல் என்பிசி எடுத்த அமெரிக்க கப்ளிங்கும் கண்ணில் படலாம். நான்கு எபிசோடு ஒளிபரப்பியதுமே அவர்களே நிறுத்திவிட்டார்கள், நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.