24 ஆல் வகுக்க மறந்தவை: ஸ்கேல் மாடல் கார் கட்டுவோர் சறுக்கும் இடங்கள்

ஃபெராரி எஃப்40 காரின் நீளம் 4.36 மீட்டர். 1/24 அளவு மாடலுக்காக அதை 24 ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர் சொச்சம். ஜப்பானின் டாமியா நிறுவனம் கிட்டாக, அதாவது நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் உறுப்புகளாக, பெட்டிக்குள் போட்டுத் தருவது அந்தப் பதினெட்டைத்தான். எஞ்சின், சஸ்பென்ஷன், சீட் எல்லாவற்றையும் ஜப்பான்காரர்கள் கணக்காக வகுத்துவிடுகிறார்கள். நம் கையிலிருந்து அதன்மேல் போய் விழுகிறவைதான் வகுபடாமல் நிற்கின்றன: பெயிண்ட், பசை, தூசி, விரல் ரேகை. என் அலமாரியின் மேல்தட்டில் பாதியில் நின்றுபோன மாடல்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால், எதுவும் கட்டத் தெரியாமல் கெட்டதில்லை. எல்லாம் இந்த வகுத்தலில் கோட்டை விட்டவை.

எஃப்40-ஐ உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஃபெராரியின் 40-வது ஆண்டுக்காக 1987-ல் வந்த கார் இது. மாடல் கட்டுபவர்களில் பலர் ஒரு தடவையாவது ஆசைப்பட்டுக் கட்டிப் பார்ப்பது. அதோடு, செய்யக்கூடிய தவறுகளில் முக்கால்வாசியை இந்த ஒரே கிட்டில் செய்துவிடலாம்.

முதல் தவறு பெயிண்ட் கனம். அசல் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர். 24 ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர். அந்தக் கோட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் ஏறினால் போதும், கதவு பாடியோடு ஒட்டிப்போய் ஒரே அச்சில் வார்த்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். 0.1 மில்லிமீட்டர் என்பது அசல் அளவில் 2.4 மில்லிமீட்டர். எந்த டிங்கரிங் பட்டறையிலும் அவ்வளவு கனத்துக்கு அடிக்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அசல் எஃப்40-ல் எடையைக் குறைக்கப் பெயிண்டை அவ்வளவு மெல்லிசாக அடித்தார்கள். சில இடங்களில் அடியிலுள்ள கார்பன், கெவ்லார் நெசவு சிவப்பின் ஊடே தெரியும். அப்படிப்பட்ட காரைத்தான் நாம் ஜாங்கிரி போல முக்கி எடுக்கிறோம்.

செய்ய வேண்டியது: பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே கதவு, பானட் கோடுகளை ஸ்க்ரைபர் என்ற கீறும் கருவி கொண்டோ, கத்தி பிளேடின் முதுகுப்பக்கத்தாலோ மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு இழுத்து ஆழப்படுத்துங்கள். அப்புறம் பிரைமர் என்ற அடிப்பூச்சு மெல்லிசாக, அதன் மேல் நிறம் மெல்லிசாக. முதல் பூச்சிலேயே மூடிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்தான் கடைசியில் தோற்கிறார். முதல் பூச்சு (கோட்) பார்க்க அசிங்கமாக, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மூன்றாவது பூச்சில் அது தானாகச் சேர்ந்துவிடும்.

மெட்டாலிக் நிறம் என்றால் இன்னொரு கணக்கும் சேரும். அசல் காருக்குக் கலக்கிய பெயிண்டைப் பட்டறையில் கொஞ்சம் கேட்டு வாங்கி அடிப்பவர்கள் உண்டு. நிறம் அச்சு அசலாக அதுதான். ஆனால் அதிலுள்ள மினுமினுப்புத் துகள் அசல் காரின் அளவுக்கானது. மாடலில் அது திருவிழாக் கடை ஜிகினா. மாடலுக்கென்றே அரைத்த நுண்ணிய துகள் உள்ள பெயிண்ட்தான் பொருந்தும்.

எஃப்40 கிட்டின் பாடி சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. சிவப்பே அடிக்கப் போகிறீர்கள் என்றால் தொல்லை குறைவு. அப்போதும் அடியில் சாம்பல் பிரைமர் போட்டால் சிவப்பு மங்கி உலர்ந்த மிளகாய் மாதிரி ஆகும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பிரைமர் போட்டால்தான் தூக்கிக் காட்டும். மஞ்சளிலோ வெள்ளையிலோ கட்டலாம் என்று கிளம்பினால்தான் வினை. பிளாஸ்டிக்கிலுள்ள சாயம் பெயிண்டின் கரைப்பானில் ஊறி மேலே ஏறி வரும். ராத்திரி வெள்ளையாக விட்டுப் போன கார் காலையில் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். இன்னும் நாலு கோட் வெள்ளை அடித்தாலும் அதே கதைதான், கனம் மட்டும் கூடும். முதலில் ஒரு கோட் சில்வர் அடித்து அடைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை போட வேண்டும்.

கரைப்பான் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. மாடல் பெயிண்டுக்கான தின்னர் விலை அதிகம், குப்பி சின்னது. ஹார்டுவேர் கடையில் என்.சி. தின்னர் லிட்டர் கணக்கில் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து கலந்து அடித்தேன். பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷிலிருந்து அருமையாகத்தான் வந்தது. ஐந்து நிமிடத்தில் பானட்டின் மேல் மெல்லிய நரம்புகள் ஓட ஆரம்பித்தன. பத்து நிமிடத்தில் அது தோசையின் பொரிந்த ஓரம். கிட் வார்க்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அந்தத் தின்னர் தின்றுவிடும். இன்றைக்கும் அதை வாங்குகிறேன், ஏர்பிரஷ் கழுவ மட்டும்.

இதே வகையில் இன்னொன்று, கடைக்காரரே தெரியாமல் எடுத்துக் கொடுப்பது. டாமியா ஸ்பிரே டப்பாக்களில் டிஎஸ் என்று தொடங்குபவை இந்த மாதிரி பிளாஸ்டிக் கிட்டுகளுக்கு. பிஎஸ் என்று தொடங்குபவை ரிமோட் கார்களின் ஒளிபுகும் பாலிகார்பனேட் பாடிக்கு. இரண்டும் பார்வைக்கு ஒரே சாடையில் இருக்கும். மாற்றி அடித்தால் ஒன்று தின்னும், மற்றது உரிந்து வரும். எஃப்40-க்குப் பலர் எடுப்பது டிஎஸ்-8, இத்தாலியன் ரெட். வாங்கும்போது எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்தையும் ஒருதரம் பாருங்கள். கோட் மேல் கோட் போடும்போதும் இதே எச்சரிக்கைதான்: கடுமையான கரைப்பானுள்ள லாக்கர் பெயிண்ட் அடியில் இருக்கலாம், அதன்மேல் சாதுவான அக்ரிலிக்கோ எனாமலோ வரலாம். எனாமலின் மேல் லாக்கரைப் போட்டால் சுருங்கிவிடும்.

சரி, இப்போது ஈரம். இதை வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லித் தருவதில்லை, சில சமயம் தப்பாகவே சொல்லித் தருகின்றன. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தூசி அடங்கியதும் அங்கேயே பெயிண்ட் அடி என்பது அவர்களிடம் பிரபலமான யோசனை. குளிரான, வறண்ட ஊர்களில் அது பலிக்கலாம். சென்னையில் நவம்பர் மாதத்தில் நான் அதைச் செய்தேன். பளபளவென்று இறங்கிய கறுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விபூதி பூசியதுபோல் வெளுத்தது. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த டம்ளரில் வியர்ப்பதுபோல் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெளுப்பு. மழை விட்ட நாளாகப் பார்த்து அடிப்பது ஒரு வழி. அவசரம் என்றால், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? உப்புத்தாளை எடுக்காதீர்கள். வறண்ட நாளில் அந்தத் தின்னரையே பனிபோல லேசாகத் தூவினால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

தூசிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அடித்த கையோடு கவிழ்த்து மூடிவிடுங்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். அசல் அளவுக்குக் கொண்டுபோனால் பானட்டில் கிடக்கும் 1.7 மில்லிமீட்டர் கம்பி. விழுந்துவிட்டால் ஈரத்தில் நோண்ட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். தேய்க்கும்போது பாடியின் விளிம்புகளில் முதலில் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பெயிண்ட் எப்போதும் விளிம்பில்தான் மெல்லிசு, இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். எஃப்40-ன் பின்பக்கச் சிறகில் இது எனக்கு இரண்டு தடவை நடந்தது, இரண்டும் ஒரே மூலையில்.

பளபளப்புக்காக, அசல் கார்களுக்கு அடிக்கும் ஹார்ட்னர் கலந்த இரட்டைக் கலவை கிளியரை, அதாவது நிறமற்ற மேல்பூச்சை, நாடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அருமையான பளபளப்புதான். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுப்பது. அதற்குத் தகுந்த வடிகட்டியுள்ள மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாமல், படுக்கையறை மூலையில் அதை அடிக்கவே கூடாது. துணி மாஸ்க் கணக்கில் வராது.

பசையில் இரண்டு விஷயம். பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசைக்குச் சிமெண்ட் என்று பெயர். தண்ணீர் போன்ற மெல்லிய சிமெண்ட், இணைப்புக் கோட்டைத் தொட்டதும் தானே உள்ளே ஓடும். உங்கள் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தால் விரலுக்கடியிலும் ஓடும். பிளாஸ்டிக் இளகி, ரேகை முழுவதும் பதிந்துவிடும். விரலைக் கோட்டிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். இரண்டாவது, கண்ணாடிக்குச் சூப்பர் க்ளூ. அது காயும்போது வரும் ஆவி கண்ணாடியில் படிந்து வெள்ளையாகப் பூக்கும், துடைத்தால் போகாது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே கண்ணாடிக்குப் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும். குரோம் பூசிய உறுப்புகளில், ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பசை குரோமைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கைப் பிடிக்காது.

டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சொரசொரப்பான பெயிண்டின் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். பளபளப்பின் மேல் ஒட்டுங்கள்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருவது வேறு: தெரியாமல் போடும் அலங்காரம். காரின் உள்தரையில் வெல்வெட் தூள் தூவிக் கார்ப்பெட் செய்வது மாடல்காரர்களுக்குப் பிடித்த கைவேலை. அழகாக இருக்கும்தான். எஃப்40-ல் கார்ப்பெட்டே கிடையாது. உள்பக்கம் கதவு திறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு கயிறுதான். பேனல்கள் சேரும் இடத்தில் பச்சை நிறப் பசை பிதுங்கியிருப்பது வெளியே தெரியும். அதைத் துடைத்துச் சுத்தப்படுத்தக்கூட ஃபெராரி மெனக்கெடவில்லை. ஊசி முனையில் பச்சைப் பெயிண்டைத் தொட்டு அந்தப் பிதுங்கலைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை, கார்ப்பெட்டைவிடப் பத்து மடங்கு சந்தோஷம் தரும்.

நிறத்தையும் இப்படித்தான் டிவியைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். 1988-ல் 16 பந்தயங்களில் 15 ஜெயித்த மெக்லாரன் எம்பி4/4 என்ற ஃபார்முலா 1 காரை எல்லோரும் அதன் ஸ்பான்சரான மால்பரோ சிகரெட் பெட்டிச் சிவப்பில் அடிப்பார்கள். அசலில் அது ஒளிரும் ஆரஞ்சுச் சிவப்பு. டிவி திரையில் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி அடித்தார்கள்.

கடைசியாக, கிட்டைத் தேர்ந்தெடுப்பது. முதல் மாடலாக 1/12 அளவில் ராட்சதப் பெட்டியை வாங்கி வருகிறவர்களைப் பார்க்கிறேன். எஞ்சின் வயர் ஒவ்வொன்றும் தனித்தனி, ரேடியேட்டருக்கு ஒரு நாள். மூன்றாம் மாதம் அது கட்டிலுக்கடியில் போய்விடும். எஞ்சின் இல்லாத, பானட் திறக்காத 1/24 கிட் ஒன்றை முதலில் முடித்துப் பாருங்கள்.

நான் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கிட்டே இல்லை. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் அம்பாசடர் பொம்மை, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து பிறந்து, 2014 வரை உத்தர்பாராவில் உருண்டு வந்த கார். சித்தப்பா இருபது வருடம் வெள்ளை அம்பாசடர் ஓட்டியவர். வார்ப்புக் கோடுகளைத் தேய்த்தெடுத்து, பட்டி பார்த்து, வெள்ளை அடித்து, கிரில்லுக்கு உலோகத் தாள் ஒட்டி, பின் கண்ணாடிக்கு நூல் பின்னித் திரைகூடப் போட்டேன். பொம்மை ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்பதால் கிட் சிமெண்ட் சரியாகப் பிடிக்கவில்லை, எல்லாம் எபாக்ஸியில் நிற்கிறது. ஒன்றரை மாதம் ஆனது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டா, கியர் ராடு எங்கடா?" என்றார். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்க வேண்டியது, விட்டுப்போயிருந்தது. அப்புறம் மேஜைமேல் வைத்து, சும்மா விரலால் பின்னால் இழுத்து விட்டார். உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கழற்ற மறந்திருந்தேன். வண்டி நேராகப் போய்க் காபி டம்ளரில் மோதியது, முன் பம்பர் தெறித்துத் தட்டில் விழுந்தது. சித்தப்பா சிரித்த சிரிப்பில் சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பம்பரை இன்னும் ஒட்டவில்லை. ஒட்ட விடமாட்டேன் என்கிறார்.