பன்னிரண்டே முக்காலுக்குப் போய் உட்காருங்கள்

நில அளவைதான் என் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளையில் தொடங்கி விளவங்கோட்டின் மலையடிவாரம் வரை அலைந்திருக்கிறேன். வெயிலில் ஜீப்புக்குள் கிடந்த சோற்றைச் சாப்பிட எனக்குப் பிடிக்காது. அதனால் நாலு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடைகளை நம்பியே மதியங்கள் போகின்றன. இக்கடைகளில் திருப்தியாகச் சாப்பிடுவது ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தால் காசும் போகும், வயிறும் நிறையாது.

முதலில் நேரம். பன்னிரண்டே முக்காலுக்கு இலை முன்னால் இருக்க வேண்டும். அவியலும் துவரன் என்கிற தேங்காய்ப் பொரியலும் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும். ஒன்றேகால் ஆனால் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். பரிமாறுகிறவருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது. இரண்டரைக்கு மேல் போகிறவர்கள் ரசம் மட்டும் நம்பிப் போகலாம்.

எந்தக் கடை என்று தெரியாத ஊரில் பத்திரப்பதிவு அலுவலகத்தையோ நீதிமன்றத்தையோ தேடுங்கள். அங்கே வருகிறவர்கள் நாள் முழுவதும் காத்துக் கிடப்பவர்கள். குமாஸ்தாக்களோ தினமும் அதே கடையில் சாப்பிடுகிறவர்கள். குழம்பு ஒருநாள் சரியில்லை என்றாலும் மறுநாள் கேட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் இருக்கும் கடையில் சமையல்காரர் தூங்க முடியாது.

உட்கார்ந்ததும் சுவரில் எழுதியிருக்கும் பட்டியலைப் படிக்காதீர்கள். அது கடை திறந்த காலத்தில் எழுதியது. அன்றைய சமையல், காலையில் மீன்காரம்மா கூடையில் என்ன கொண்டுவந்தார் என்பதிலேயே முடிவாகியிருக்கும். "அக்கா, இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் நல்லது. "எல்லாம் இருக்கிறது" என்றால் ஐஸ் பெட்டி பேசுகிறது என்று பொருள். அன்றைக்கு எரிசேரி என்கிற காய்கறிக் கூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீனுக்கு நம் மாவட்டத்தில் ஒரு தனி வசதி உண்டு. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். இரண்டு கடற்கரையும் நம்மிடம் இருப்பதால், மே மாதம் கிழக்கே சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது மேற்கே குளச்சல் பக்கம் படகு போகும். ஜூலையில் நேர்மாறு. ஆகவே மே மாதத்தில் பெரிய மீன் வேண்டுமென்றால் கருங்கல், திங்கள்சந்தைப் பக்கத்துக் கடைகளுக்குப் போங்கள். ஜூலையில் கன்னியாகுமரிப் பக்கம் திரும்புங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரு பக்கமும் தடை. அப்போது வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வருகிற மீன்தான் கிடைக்கும். சாளையோ (மத்தி) நெத்தோலியோ கிடைத்தால் விடாதீர்கள். அந்த நாட்களில் தடிமனான நெய்மீன் (வஞ்சிரம்) துண்டைத் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் கடையில், அது எங்கிருந்து வந்தது என்று தயங்காமல் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்கு நான் கோழிக்கறி சாப்பிடுவேன்.

பொரித்த மீன் வாங்கும்போது துண்டு என்ன விலை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மீன் குழம்பு சாப்பாட்டோடு வரும். பொரித்த துண்டுக்குத் தனிக் கணக்கு. மீன் வந்ததும் விரலால் ஓர் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். நல்ல மீன் இதழ் இதழாகப் பிரியும், முள் சுத்தமாகக் கழன்று வரும். மாவுபோலக் குழைந்தால் பழசு. அயிலையும் (கானாங்கெளுத்தி) சூரையும் சாப்பிடும்போது நாக்கில் மிளகு தடவியதுபோலச் சுறுசுறுத்தால் அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பிடித்த மீனைக் குளிரில் வைக்காமல் விட்டதால் வருகிற கேடு அது. எவ்வளவு பொரித்தாலும் போகாது.

"சம்பாவா, வெள்ளையா?" என்று சோற்றைப் பற்றிக் கேட்பார்கள். மீன் குழம்புக்குச் சம்பாதான். தேங்காயை வறுக்காமல் மையாக அரைத்து, மாங்காயோ முருங்கைக்காயோ போட்டு மண்சட்டியில் கொதித்த குழம்பு, அந்தத் தடித்த சிவந்த பருக்கையில்தான் பிடித்து நிற்கும். வெள்ளைச் சோற்றில் ஓடிப்போய் அவியலோடு கலந்துவிடும். சைவச் சாப்பாட்டுக்கு எதுவானாலும் சரி. சாம்பாருக்குப் பின் புளிசேரி என்கிற மோர்க்குழம்புக்குச் சோறு மிச்சம் வையுங்கள். புளிசேரியைத் தவறவிட்டு ரசத்துக்குத் தாவுகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பாயசம் இருக்கிற நாளில் அது ரசத்துக்கு முன்னாலேயே இலையில் விழும். பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுங்கள், அப்புறம் ரசம், மோர்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. "குடும்ப அறை" என்று திரை போட்ட மூலைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். போகாதீர்கள். அங்கே மின்விசிறி மெதுவாகச் சுற்றும், கூட்டு கடைசியில்தான் வரும், இரண்டாம் சோறு கேட்டால் காதில் விழாது. சமையலறை வாசலைப் பார்த்த இடத்தில் உட்காருங்கள். எதிரில் யாராவது வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். அவரும் சாப்பிடத்தான் வந்திருக்கிறார். வாசலில் நிற்கிற அம்மாவின் பார்வை உங்கள் இலை மேலேயே இருக்கும். "மக்களே, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று அவர் கேட்கும்போது கையை இலைமேல் நீட்டி மறைத்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். நிற்கிறவர்கள் இருக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து போன் பேசுவது மரியாதையில்லை. சில்லறை கொண்டு போங்கள். எல்லோரும் போனில் பணம் அனுப்பினாலும், மலையடிவாரத்தில் சிக்னல் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குழம்பு பிடித்திருந்தால் ராத்திரிக்குப் பார்சல் கேளுங்கள். மீன் குழம்பு ஆறின பிறகுதான் புளி இறங்கி ருசி கூடும். பிளாஸ்டிக் பையில் வாங்காமல் சின்னத் தூக்குவாளி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.