பள்ளி விடுமுறைப் பயணம்: ஊருக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

பொங்கல் முடிந்ததுமே எங்கள் வீட்டில் "மே மாசம் எங்க போகலாம்?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம், மூணாறு என்று ஊர்ப் பெயர்களாகவே வந்து விழும். எந்தத் தேதியில் கிளம்புவது, எந்தத் தேதியில் திரும்புவது என்பதை மட்டும் யாரும் பேச மாட்டோம். விடுமுறைப் பயணங்களில் நான் பார்த்த முக்கால்வாசிச் சிக்கல்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. நம் பிள்ளைக்குப் பள்ளி விடும் அதே நாளில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி விடுகிறது. தேதியைச் சரியாகப் பிடித்தவர்களுக்கு எந்த ஊரும் நன்றாக இருக்கும்.

ரயில் கணக்கில் ஒரு நாள்

முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே ரயில் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. பயண நாளை அதில் சேர்க்கக் கூடாது. மே 10ஆம் தேதி கிளம்பும் வண்டிக்கு மார்ச் 11ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடை விடுமுறை வண்டிகளில் ஸ்லீப்பர் சீக்கிரமே தீர்ந்துவிடும். "சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து போட்டுக்கலாம்" என்று விட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த 60 நாள், வண்டி புறப்படும் ஊரின் தேதியை வைத்து எண்ணப்படுவது. நாம் ஏறும் ஊரின் தேதியை வைத்து அல்ல. சென்னையில் 9ஆம் தேதி இரவு கிளம்பும் வண்டி திருச்சிக்கு நள்ளிரவு தாண்டி 10ஆம் தேதிதான் வரும். அந்த வண்டிக்குத் திருச்சியில் ஏறுபவருக்கும் மார்ச் 10ஆம் தேதியே முன்பதிவு திறந்துவிடும். 11ஆம் தேதி காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் ஒரு நாள் தாமதம்.

நள்ளிரவு வண்டியில் இன்னும் பெரிய தவறு ஒன்று உண்டு. அதை நாங்களே செய்தோம். திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு, என் மாமியார் வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தோம். மே 10, 00.50 மணி என்று போட்டிருந்தது. நாங்கள் 10ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரை மணிக்கு இரண்டு பிள்ளைகளோடும் ஐந்து பைகளோடும் பிளாட்பாரத்தில் போய் நின்றோம். சின்னவள் பெட்டி மேலேயே தூங்கிவிட்டாள். சார்ட்டில் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த டிக்கெட் பரிசோதகரிடம் போனைக் காட்டினோம். "அம்மா, இது நேத்து ராத்திரி போன வண்டிங்க" என்றார். நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடுகிறது. 9ஆம் தேதி இரவே நாங்கள் நிலையத்தில் இருந்திருக்க வேண்டும். மறுநாள் பகலில் மூன்று பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளின் ஆச்சி முதல் நாள் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்றைக்கும் 12 மணியிலிருந்து 3 மணிக்குள் வரும் வண்டி என்றால், வீட்டு நாள்காட்டியில் முந்தைய நாள் கட்டத்தில்தான் "இன்று இரவு ரயில்" என்று எழுதி வைக்கிறேன்.

குடும்பமாகப் போட்டால் நல்லது என்று நினைப்பது

தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்று நினைப்போம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரைதான் போடலாம் என்பது ஒருபுறம். மூத்தவர்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீட்டில், 60 வயது தாண்டிய ஆண்களும் 45 வயது தாண்டிய பெண்களும் தனியாகவோ இருவராகவோ இருக்கும் டிக்கெட்டுக்குத்தான் இடம் தருவார்கள். பேரப்பிள்ளைகளோடு சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மூட்டுவலியோடு இருக்கும் பாட்டிக்கு அப்பர் பெர்த் விழுந்து, ராத்திரி முழுக்க யாரிடமாவது கெஞ்ச வேண்டியிருக்கும். பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடுவதே மேல். பெட்டி மாறினாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

5 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் பெர்த்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து வயதுப் பையனோடு ஒரே பெர்த்தில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி ரூம் போடுவதும் வேண்டாம். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போடும்போதும் முழுக்க வெயிட்டிங்கில் இருந்தால் தானாகவே ரத்தாகிவிடும். தட்கல் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடிகிறது. அந்தச் சரிபார்ப்பைக் காலை 9.55க்கு ஆரம்பிக்காமல், ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள்.

பரீட்சை முடியும் நாளும் பள்ளி திறக்கும் நாளும்

மார்ச்சில் டிக்கெட் எடுக்கும்போது ஏப்ரல் தேர்வு அட்டவணை இறுதியாகியிருக்காது. வந்தாலும் மாறலாம். 2024இல் ரம்ஜானை ஒட்டி ஏப்ரல் 10, 12 தேதிகளில் இருந்த தேர்வுகள் 22, 23க்குத் தள்ளிப் போயின. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ராத்திரியே கிளம்ப டிக்கெட் வைத்திருந்தவர்கள் பாடு பெரும்பாடுதான். நான்கைந்து நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

திறப்பு நாளும் இப்படித்தான். 2023இல் ஜூன் 1 என்றது ஜூன் 7 ஆகி, கடைசியில் 12க்கும் 14க்கும் போனது. 2024இல் ஜூன் 6 என்பது 10 ஆனது. வெயிலைக் காட்டி இந்த வருஷமும் தள்ளிப் போடுவார்கள் என்று நம்பித் திரும்பும் டிக்கெட்டை நீட்டாதீர்கள். 2025இல் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அக்கா பிள்ளைகள் சிபிஎஸ்இ, நம் பிள்ளைகள் மாநிலப் பாடத்திட்டம் என்றால் இரண்டு பள்ளி நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் புது வகுப்பையே தொடங்கிவிடும். அவர்கள் லீவு வேறு நாளில் வரும்.

மலைக்குப் போகிறீர்களா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீங்கள் போகும் வருஷத்து விதியைப் பார்த்து, முதலில் பாஸை எடுத்துவிட்டு அப்புறம் ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுக் கையைப் பிசைகிறார்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் கவலையே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் மலை ரயில் கிடைக்காவிட்டால் பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். குன்னூர்–ஊட்டி இடையே பகலில் சில வண்டிகள் ஓடுகின்றன, அதில் ஏற்றிவிடுங்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதச் சனி, ஞாயிறை விட்டு, செவ்வாய் புதனில் ஏறினால் பாதி நெரிசல் குறையும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டப் பூரி கிழங்கு கொடுத்துப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும், கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

குற்றாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மே லீவில் குடும்பத்தோடு போய், பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய. சீசன் தென்மேற்குப் பருவக்காற்றோடு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது பள்ளி நடக்கும். குற்றாலச் சாரல்தான் வேண்டும் என்றால் ஜூலையில் ஒரு சனி, ஞாயிறைப் பிடியுங்கள், மே மாதத்தை வேறு ஊருக்குக் கொடுங்கள். அரையாண்டு லீவு வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதியில் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. டிசம்பரில் தெற்கே போவதென்றால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பெரியவர்களின் மாத்திரை மூன்று நாளுக்குக் கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை

எல்லாத் தவறுகளிலும் அதிகம் பேர் செய்வது இது. பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு ராத்திரிக்குத் திரும்பும் டிக்கெட். அன்றைக்கு ஆம்னி பஸ் கட்டணம் ஏறிக் கிடக்கும், பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். விடியற்காலை வீடு சேர்ந்து, கசங்கிய யூனிஃபார்மைத் தேய்த்து, தூக்கக் கலக்கத்தில் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவோம். வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். அதற்காக ஊரில் ஒரு இடத்தைப் பார்க்காமல் விட்டால் பரவாயில்லை. இப்போதெல்லாம் நாங்கள் சனிக்கிழமை துணி துவைத்து, ஞாயிற்றுக்கிழமை பழுப்பு அட்டை வாங்கி நோட்டுக்கு உறை போடுகிறோம். பெரியவன் லேபிளில் பெயர் எழுத, சின்னவள் ஒட்டுவாள்.