குடியிலிருந்து மீள உதவி தேடுவது எப்படி: தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கான வழிமுறை

குடியை நிறுத்துவதாக வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டதும், பெரும்பாலான குடும்பங்கள் உடனே மறுவாழ்வு மையங்களைத்தான் விசாரிக்கின்றன. என் கருத்தில், மையத்துக்கு முன்னதாகச் செய்ய வேண்டியவை உள்ளன.

முதல் படி, மருத்துவரைப் பார்ப்பது. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் 2 நாள்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் ஏற்படலாம். சிகிச்சை இல்லையேல் உயிருக்கே ஆபத்து. ஆகவே நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்று, எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எங்கு செல்வதென்று தெரியாதவர்கள், மத்திய அரசின் கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணான 14446-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416 உண்டு.

‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில், மதுவோடு சேர்ந்தால் உடலைக் கடுமையாகப் பாதிக்கும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து இருக்கலாம்; அது உடலில் இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும்.

தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என மருத்துவர் கூறினால் மட்டும் மையத்தைத் தேடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தினர் நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆள் அனுப்பித் தூக்கி வருவோம் என்று சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கும் பழைய மையங்களுள் ஒன்று.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பாக அமெரிக்காவில் 1935-இல் உருவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், தமிழ்நாட்டு ஊர்களிலும் கூட்டங்கள் நடத்துகிறது. கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை, முதல் நாள் பேசாமல் அமர்ந்திருக்கலாம். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறொன்றைப் பாருங்கள். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ பெற்றோரோ, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குத் தனியே செல்லலாம். இதைப் பலர் அறிவதில்லை.

குடியை நிறுத்துபவர் முதல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குச் செல்லும்போதே, அங்கு நெடுநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரின் கைபேசி எண்ணை அவர் இசைவுடன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் குடிக்கத் தோன்றும்போது, அல்லது குடித்துவிட்ட மறுநாள், அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். தொடர்ந்து குடிக்க ஆரம்பித்துவிட்டால் தானாக நிறுத்த முயலாமல் மறுபடியும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.