ஆடம் ஸ்மித்தை மேற்கோள் காட்டும்போது செய்யக்கூடாதவை

தாராளவாதப் பொருளாதாரம், அதாவது சந்தையில் அரசின் தலையீடு குறைய வேண்டும் என்ற கொள்கை, என்று பேச்சு எடுத்தாலே முதலில் 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தைத்தான் இழுப்பார்கள். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவரும் அவர்தான்.

'கண்ணுக்குத் தெரியாத கரம்' (அவரவர் தன் லாபத்தைத் தேடினாலே ஊருக்கும் நன்மை வந்து சேரும் என்ற கருத்து) என்பதையே அவருடைய மொத்தக் கொள்கையாக ஆக்கிவிடுகிறோம். 1776-இல் வந்த 'நாடுகளின் செல்வம்' என்ற அத்தனை பெரிய நூலில் அந்தத் தொடர் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும், பாதுகாப்பு கருதி உள்நாட்டிலேயே பணம் போடும் வியாபாரியைப் பற்றிச் சொல்லும்போது.

அவரை முதலாளிகளின் வக்கீலாக நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. ஒரே தொழில்காரர்கள் சும்மா கூடிப் பேசினாலும் அது விலையேற்றும் சதியில்தான் போய் முடியும் என்று எழுதியவர் அவர். கிழக்கிந்தியக் கம்பெனியை அவர் பிடித்த பிடி இன்னும் கடுமை. வியாபாரியும் ஆட்சியாளனும் ஒரே ஆளாக இருக்கவே முடியாது என்பது அவர் வாதம். 1770 வாக்கில் வங்காளத்தில் வந்த வறட்சி பஞ்சமாக முற்றியதற்கு, அரிசி வியாபாரத்தில் கம்பெனி ஆட்கள் போட்ட கட்டுப்பாடுகளும் காரணமாக இருக்கலாம் என்றார். கம்பெனியின் ஏகபோகம், தானிய வியாபாரத்துக்குப் போட்ட தடை, இரண்டும் அவருக்கு ஒரே நோய்.

சரி, அரசே வேண்டாம் என்றாரா? அதுவும் இல்லை. சாலை, பாலம், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு இதற்கெல்லாம் அரசு செலவிடலாம் என்றார். வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார். 1787-இல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் பென்தாம் அதை மறுத்துத் தனி நூலே போட்டார். தடையற்ற வணிகம் பேசிய ஸ்மித், 1778 முதல் ஸ்காட்லாந்தில் சுங்க ஆணையராக வேலை பார்த்தார் என்பது வேடிக்கைதான்.

அப்புறம், தாராளவாதிகள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது. தடையற்ற சந்தையை ஆதரித்த 20-ஆம் நூற்றாண்டுப் பொருளாதார அறிஞர் ஹாயெக், 1944-இல் எழுதிய நூலிலேயே, அடிப்படைத் தேவைக்கு அரசு உத்தரவாதம் தரலாம் என்று ஒப்புக்கொள்கிறார். தனிமனித சுதந்திரத்துக்காக வாதாடிய ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளக்காரர். கம்பெனி ஆட்சி பறிபோகவிருந்தபோது அதற்காக நாடாளுமன்றத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு வந்த அவருடைய சுதந்திரம் பற்றிய நூலில், 'பின்தங்கிய' சமூகங்களுக்கு அந்தச் சுதந்திரக் கோட்பாடு பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்.

ஸ்மித்தை முழுதாகப் படிக்க நேரமில்லையா? முதல் பகுதியில் கூலி பற்றிய எட்டாம் அத்தியாயத்தையாவது புரட்டுங்கள். கூலியை ஏற்றாமல் இருக்க முதலாளிகள் எப்படிச் சத்தமில்லாமல் கூட்டுச் சேர்கிறார்கள் என்பது அங்கே இருக்கிறது.