முடுக்கம் எதைப் பிடித்துத் தொங்குகிறது?

மதுரைத் திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் அரியர். விசை, உராய்வு, டிரஸ் (கம்பிகளைக் கோத்துக் கட்டிய சட்டகம்) எல்லாவற்றையும் எப்படியோ உருட்டிக் கரையேறிவிடுவார்கள். துகள்களின் கைனமேட்டிக்ஸ், அதாவது விசையைப் பற்றிக் கேட்காமல் இயக்கத்தை மட்டும் பார்க்கும் பகுதி, வந்ததும் பேனா நின்றுவிடும். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது, நானே இந்தப் பேப்பரில் இரண்டு தடவை கவிழ்ந்தவன். முதல் தடவை, முடுக்கம் நேரத்தோடு மாறுகிற ஒரு கணக்கில், பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த மூன்று இயக்கச் சமன்பாடுகளையும் (v = u + at, s = ut + ½at², v² = u² + 2as) மாற்றி மாற்றிப் போட்டு நாலு பக்கம் எழுதினேன். விடை சுத்தமாக வந்தது. மார்க்தான் வரவில்லை.

அந்த மூன்று சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருக்கும் இடத்தில் மட்டுமே செல்லும். டவுன் பஸ் பாஸைக் காட்டி ரயிலில் போக முடியுமா? அதனால் என் மாடியில் ஒரு சட்டம் உண்டு. கணக்கை வாசித்ததும் ஃபார்முலா எழுதக் கூடாது. 'இங்கே முடுக்கம் எதைப் பிடித்துத் தொங்குகிறது?' என்ற கேள்விக்குப் பதிலை முதலில் எழுத வேண்டும். மாறிலியா, நேரத்தைப் பிடித்தா, வேகத்தைப் பிடித்தா, இடத்தைப் பிடித்தா? இந்த நாலில் ஒன்றுதான் இருக்கும். பதில் தெரிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

பலகையில் நான் தமிழ் எழுத்தில்தான் எழுதுவேன். இடம் இ, திசைவேகம் வே, முடுக்கம் மு, நேரம் நே. பரீட்சையில் அவரவர் பழகிய எழுத்தைப் போட்டுக்கொள்ளட்டும். இ நேரத்தோடு மாறும் வீதம் வே. வே நேரத்தோடு மாறும் வீதம் மு. இவை இரண்டும் எல்லாருக்கும் தெரியும். இரண்டிலிருந்தும் நேரத்தைக் கழற்றிப் போட்டால் மூன்றாவது ஒன்று கிடைக்கும்: மு × இடத்தின் சிறு மாற்றம் = வே × வேகத்தின் சிறு மாற்றம். பையன்கள் மறப்பது இதைத்தான். கேள்வியில் நேரமே பேசப்படவில்லை என்றால் இதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது படம். என் அப்பா அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டவுன் பஸ் ஓட்டியவர். "எங்க நிக்கணும்னு தெரிஞ்சாத்தான்டா எங்க பிரேக் மிதிக்கணும்னு தெரியும்" என்பார். கணக்கிலும் எந்தப் புள்ளி பூஜ்யம், எந்தத் திசை பிளஸ் என்று ஒரு கோடு இழுத்து அம்புக்குறி போடாமல் ஒரு எண்ணையும் தொடாதீர்கள். எந்தத் திசையைப் பிளஸ் என்று வைத்தாலும் சரி, பாதியில் மாற்றினால்தான் வம்பு. வேகம் கிலோமீட்டரில் கொடுத்திருந்தால் அந்தக் கணமே 3.6 ஆல் வகுத்துவிடுங்கள். 36 கிமீ/மணி என்பது 10 மீ/வி.

அவ்வளவு பெரிய பஸ் எப்படித் துகள் ஆகும் என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. பஸ்ஸின் எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் நகர்கிறது என்றால் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும். சக்கரம் உருளுவதைக் கேட்டால் அது வேறு அத்தியாயம். அதேபோல் கைனமேட்டிக்ஸில் நிறைக்கு வேலை கிடையாது. நீங்கள் கிலோகிராம் எழுதிக்கொண்டிருந்தால் எங்கேயோ தெரு மாறிவிட்டீர்கள்.

முதலில் சுலபமானது. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் 600 மீட்டர். பஸ் 1 மீ/வி² முடுக்கத்தில் 10 மீ/வி வரை ஏறுகிறது, அதே வேகத்தில் ஓடுகிறது, கடைசியில் 2 மீ/வி² என்று பிரேக் பிடித்து நிற்கிறது. மொத்தம் எவ்வளவு நேரம்? இதற்குச் சமன்பாடே வேண்டாம். நேரம் குறுக்கே, வேகம் நெடுக்கே வைத்து வரைந்தால் ஒரு சரிவகம் வரும், அதன் பரப்புதான் தூரம். ஏற 10 விநாடி, முக்கோணத்தின் பரப்பு 50 மீட்டர். நிற்க 5 விநாடி, 25 மீட்டர். மீதி 525 மீட்டரை 10 மீ/வி வேகத்தில் கடக்க 52.5 விநாடி. ஆக 67.5 விநாடி. முடுக்கம் துண்டு துண்டாக மாறும் கணக்கு எதுவானாலும் வரைபடம் போடுங்கள்.

இனி மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோ. முன்னே போகும், "ஒரு ஆள், ஒரு ஆள்" என்று கூவிக்கொண்டே பின்னால் வரும், மறுபடி முன்னே போகும். வே = 3நே² − 12நே + 9 என்று வைத்துக்கொள்வோம். (இந்த வேகத்தில் எந்த ஆட்டோவும் ரிவர்ஸ் வராது. எண்கள் முழுசாக வர வேண்டும் என்று நான் போட்டது.) 4 விநாடியில் எவ்வளவு தூரம்? எடுத்த எடுப்பில் தொகையீடு (இன்டகிரேஷன்) செய்து, இ = நே³ − 6நே² + 9நே, நே = 4 போட்டு 4 மீட்டர் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறவர்கள்தான் அதிகம். அது இடப்பெயர்ச்சி, கிளம்பிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம். தூரம் வேண்டுமானால் வேகம் எப்போது பூஜ்யமாகிறது என்று பார்க்க வேண்டும். நே = 1, நே = 3 ஆகிய இரண்டு நேரங்களில் வண்டி திரும்புகிறது. அந்த நேரங்களில் இடம் 4, 0. கடைசியில் 4. அதாவது 4 மீட்டர் முன்னே, 4 பின்னே, மறுபடி 4 முன்னே, மொத்தம் 12 மீட்டர். பெட்ரோல் செலவு 12 மீட்டருக்குத்தான் என்று சொன்னால் யாருக்கும் மறப்பதில்லை.

கிணற்றுக் கணக்கு எனக்குப் பிடித்தது. சமயநல்லூர்ப் பக்கம் அத்தை வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டு 'தொப்' சத்தத்துக்குக் காதைத் தீட்டாத விடுமுறை கிடையாது. கல்லை விட்டு 2 விநாடி கழித்துச் சத்தம் கேட்டால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கீழ்நோக்கிப் பிளஸ், முடுக்கம் மாறிலி, 9.81 மீ/வி². அரை × 9.81 × 4 = 19.62 மீட்டர் என்று எழுதினால் அரை மார்க். சத்தம் மேலே வரவும் நேரம் வேண்டுமே. அதன் வேகம் சுமார் 340 மீ/வி. இருபடிச் சமன்பாடு போடலாம். நான் விரட்டிப் பிடிக்கச் சொல்வேன்: 19.62 மீட்டர் ஏறச் சத்தத்துக்கு 0.058 விநாடி, அப்படியானால் கல் விழுந்தது 1.942 விநாடி, ஆழம் 18.50. அதைத் திரும்பப் போட்டால் 18.57, இன்னொரு தடவை போட்டால் 18.56 என்று நின்றுவிடும். ஏறக்குறைய 61 அடி. சத்தத்தை மறந்தவருக்குக் கயிறு ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பரீட்சை அப்படி விடாது.

முடுக்கம் வேகத்தைப் பிடித்துத் தொங்கும் இடத்தில்தான் பழைய மூன்று சமன்பாடுகள் ஆளைக் கவிழ்க்கும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைத் தெப்பத் திருவிழா. கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கிறார்கள். தெப்பம் 0.6 மீ/வி வேகத்தில் வரும்போது எல்லாரும் வடத்தைத் தளர்த்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் தடை வேகத்துக்கு ஏற்றபடி என்று கொண்டு மு = −0.2 × வே என்று எடுப்போம். 0.2 நான் சும்மா போட்ட எண். தெப்பம் இன்னும் எவ்வளவு தூரம் போகும்?

கேள்வியில் நேரம் இல்லை. மூன்றாவது உறவை எடுங்கள். −0.2 × வே × இடத்தின் சிறு மாற்றம் = வே × வேகத்தின் சிறு மாற்றம். இரு பக்கமும் வே அடிபட்டுவிடும். ஒவ்வொரு மீட்டருக்கும் வேகம் 0.2 குறைகிறது என்பதுதான் மிச்சம். 0.6 காலியாக 3 மீட்டர். மனக்கணக்கு! இதையே தொடக்க முடுக்கம் −0.12 என்று கண்டுபிடித்து, அது மாறாது என்று நம்பிப் பழைய சமன்பாட்டில் போட்டால் 1.5 மீட்டர்தான் வரும். பாதிக்குப் பாதி தப்பு. வேகம் குறையக் குறையத் தடையும் குறைவதால் தெப்பம் அதற்கு மேலும் தவழ்ந்து போகிறது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் கதை மாறும். வேகம் பாதியாக 3.47 விநாடி, கால்வாசியாக இன்னொரு 3.47, அப்படியே போகும். கணக்குப்படி அது நிற்கவே நிற்காது, ஆனால் 3 மீட்டரையும் தாண்டாது. போன மாதம் ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நிமிஷம் பேசவே இல்லை. பிறகு "நெஜமாவா சார்?" என்றாள். உண்மையான தெப்பம் நின்றுவிடும், அங்கே தடை இவ்வளவு எளிமையாக இல்லை என்றேன். முழுசாகத் திருப்திப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

இடத்தைப் பிடித்துத் தொங்கும் வகைக்கும் மூன்றாவது உறவுதான். மு = −4 × இ, பூஜ்யப் புள்ளியில் வேகம் 3 மீ/வி என்றால் வே² = 9 − 4இ², நிற்கும் இடம் 1.5 மீட்டர். நேரத்தைப் பிடித்துத் தொங்கினால் நேராக இரண்டு முறை தொகையீடு செய்யுங்கள். ஒவ்வொரு தொகையீட்டுக்கும் ஒரு மாறிலி வரும், தொடக்க நிலையைப் போட்டு அதை அங்கேயே தீர்த்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எனக்குப் பல மார்க்கைத் தின்றிருக்கிறது.

வளைந்த பாதை வந்தால் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும்: எந்த அச்சுகள்? சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியில் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் காற்றில் போகிறது. முடுக்கம் கீழ்நோக்கி மட்டும் என்பதால் கிடை, செங்குத்து என்று பிரித்தால் ஒரு திசையில் முடுக்கமே இல்லை, லாபம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து 45 பாகையில் 8 மீ/வி வேகத்தில் கிளம்பினால் 5 மீட்டர் தள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கும்? 5 மீட்டர் தள்ளிப் போக 0.884 விநாடி. 45 பாகை என்பதால் அதற்குள் ஏற்றமும் 5, ஈர்ப்பு கீழே இழுப்பது 3.83. ஆக 1.5 + 5 − 3.83, அதாவது சுமார் 2.67 மீட்டர். முன்னால் நிற்பவர் தலை நனையாது. நேரம்தான் இரண்டு திசைக்கும் பாலம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பாதை முன்கூட்டியே தெரிந்திருந்தால், பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைப்பாதையின் வளைவு மாதிரி, பாதையை ஒட்டி ஒன்று, வளைவின் மையத்தை நோக்கி ஒன்று என்று பிரிப்பதுதான் லாபம். வளைவின் ஆரம் 50 மீட்டர், வேகம் 10 மீ/வி, டிரைவர் 1.5 மீ/வி² பிரேக் பிடிக்கிறார். மையத்தை நோக்கிய முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், 2. பாதையை ஒட்டி −1.5. இரண்டும் செங்குத்து, ஆகவே மொத்தம் 2.5 மீ/வி². பிரேக்கே பிடிக்காவிட்டாலும் அந்த 2 இருக்கும். 'வேகம் மாறவில்லை, ஆகவே முடுக்கம் பூஜ்யம்' என்று எழுதுகிறவரை அந்த பஸ்ஸின் கடைசி சீட்டில், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு ஒருமுறை உட்கார வைக்க வேண்டும்.

சுற்றிக்கொண்டே வெளியே நகரும் பொருளுக்கு ஆரம், கோணம் என்று பிரிப்பார்கள். விநாடிக்கு 0.5 ரேடியன் சுற்றும் ராட்டினத் தட்டில் ஒருவன் 0.6 மீ/வி வேகத்தில் வெளிப்பக்கமாக நடக்கிறான், மையத்திலிருந்து 2 மீட்டரில் இருக்கிறான். உள்நோக்கி 2 × 0.5² = 0.5, பக்கவாட்டில் 2 × 0.6 × 0.5 = 0.6. அந்தப் பக்கவாட்டு உறுப்பில் முன்னால் நிற்கும் 2 ஐ (அது ஆரம் இல்லை, ஃபார்முலாவிலேயே வரும் 2) விட்டுவிடுவார்கள். வேறொன்றும் சொல்ல இல்லை. ஒப்புமை இயக்கத்துக்கு (நகரும் ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று எப்படி நகர்கிறது என்பதற்கு) ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கைப் போட்டால் "வைகைல தண்ணி எங்க சார் இருக்கு" என்று சிரிக்கிறார்கள், அதனால் அதை ரயிலுக்கு மாற்றிவிட்டேன்.

கடைசியாகக் கயிறும் கப்பியும். இதற்குப் பலகை தேவைப்படவில்லை, பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தது. மேல்தளத்தில் கப்பி, கயிற்றின் ஒரு முனையில் கலவை வாளி, மறு முனையைப் பிடித்து ஒருவர் தரையில் விலகி நடக்கிறார். கப்பி அவர் கைக்கு 6 மீட்டர் உயரத்தில். நடை 1 மீ/வி, சீராக. வாளி எவ்வளவு வேகத்தில் ஏறும்? 1 மீ/வி என்றுதான் ஏழு பேரும் சொன்னார்கள்.

இங்கே வேகத்தைத் தேடக் கூடாது, நீளத்தைத் தேட வேண்டும். கயிற்றின் மொத்த நீளம் மாறாது, அதுதான் சமன்பாடு. கப்பியிலிருந்து கை வரை உள்ள நீளத்தின் வர்க்கம் = 6² + விலகிய தூரத்தின் வர்க்கம். இதை நேரத்தோடு வகையிட்டால் (டிஃபரன்ஷியேட் செய்தால்), வாளியின் வேகம் = விலகிய தூரம் ÷ அந்த நீளம் × நடை. 2.5 மீட்டர் விலகியபோது நீளம் 6.5, வாளியின் வேகம் 0.38. 8 மீட்டர் விலகியபோது நீளம் 10, வேகம் 0.8. கப்பிக்கு நேர் கீழே நின்று முதல் அடி வைக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம்.

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பார்த்தோம். வாளி முதலில் சோம்பலாகக் கிளம்பி, போகப் போக விறுவிறுவென ஏறியது. மேலே நின்ற கொத்தனார் "மெதுவாய்யா, மெதுவா" என்று கத்தினார். கீழே இழுத்தவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் அதே நடைதான் நடந்துகொண்டிருந்தார்.